பிழைத்தவருக்கு ஒரு பிழைப்பு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

தமிழில் ‘பிழைப்பு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. விபத்தில் சிக்கியவர் உயிரோடு மீண்டால் ‘பிழைத்துவிட்டார்’ என்கிறோம். ஒருவர் உழைத்துச் சோறு தேடுவதையும் ‘பிழைப்பு’ என்றே சொல்கிறோம். உயிர் தப்புவதற்கும் உழைத்து வாழ்வதற்கும் ஒரே சொல்லை வைத்த நம் முன்னோர், இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை போலும். நாம்தான் பிரித்துவிட்டோம். முதற்பிழைப்பைத் தருவதற்கு மருத்துவமனைகளும் ஆம்புலன்சுகளும் அறுவை அரங்குகளும் உண்டு. இரண்டாம் பிழைப்புக்கு வழி காட்டுவோர் யார்?

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாகக் கொடுத்த ஒருவர் நம் தமிழகத்தில் வாழ்ந்தார். அவர்தான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் உடலியக்க மருத்துவத்துக்கும் மறுவாழ்வுக்கும் தனித்துறை வளர்த்த டாக்டர் மேரி வர்கீஸ். அவரைப் பற்றிச் சொற்பொழிவுகளில் சிலர் கேட்டிருக்கலாம். ஆனால் மேடைகளில் அவர் பெயர் வரும் விதம் எனக்கு மனநிறைவு தருவதாக இல்லை. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

சக்கர நாற்காலியும் அறுவைக் கத்தியும்

மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டு கேரளத்தின் கொச்சியை அடுத்த செறாயியில் பிறந்தவர். வேலூரில் மருத்துவம் பயின்று, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற எண்ணத்தோடு பணியாற்றிக் கொண்டிருந்தார். 1954இல் தோழர்களோடு சென்ற வண்டி கவிழ்ந்தது. முகத்திலே பெருங்காயம், முதுகெலும்பிலே முறிவு. இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் திரும்பவேயில்லை. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை.

அந்நாளில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் பணியில் ஈடுபட்டிருந்தார். நரம்பு செத்துப்போனதால் விரல்கள் கொக்கிபோல் வளைந்துவிடும். நல்ல நிலையில் உள்ள வேறொரு தசையின் நாணை எடுத்து விரலோடு இணைத்தால் அந்தக் கை மீண்டும் பொருளைப் பிடிக்கும். இவ்வறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம். எனவே மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கத்தியை ஏந்தினார். நடக்க இயலாத ஒருவர், கையை இழந்தவர்களுக்குக் கையைத் திருப்பித் தந்தார்.

மேடைப் பேச்சுகள் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன. “பார்த்தீர்களா தன்னம்பிக்கையை!” என்று சொல்லிக் கைத்தட்டல் பெற்று இறங்கிவிடுகிறார்கள். ஆனால் அவர் வாழ்வின் பெரும்பணி இதற்குப் பிறகுதான் தொடங்கியது.

நாணை மாற்றி வைத்தால் மட்டும் விரல் இயங்கிவிடாது. இதுவரை வேறொரு வேலை செய்து வந்த தசை, இனிமேல் விரலை இழுக்க வேண்டும் என்பதை மூளை கற்றுக்கொள்ள வேண்டும். வாரக்கணக்கில் ஒருவர் அருகிலிருந்து, “இதை மடக்கு, அதை நீட்டு” என்று பழக்கினால்தான் அறுவை பயன் தரும். ரூத் தாமஸ் என்ற இயன்முறைச் சிகிச்சையாளர் பிராண்டோடு சேர்ந்து இப்பணியைச் செய்தார். கத்தியின் வேலை சில மணி நேரம். பயிற்சியின் வேலை பல வாரம். இந்த உண்மையை மேரி வர்கீஸ் அறுவை அரங்கிலும் கண்டார். தம் உடம்பிலும் கண்டார்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், தம்மைத் தாமே கவனித்துக்கொள்ளும் பயிற்சியை அவர் பெற்றார். பின்னர் நியூயார்க் சென்று டாக்டர் ஹோவர்டு ரஸ்கின் மறுவாழ்வு நிலையத்தில் இத்துறையை முறையாகக் கற்றார். 1960களின் தொடக்கத்தில் வேலூர் திரும்பித் துறைத்தலைவர் பொறுப்பேற்றார். 1966இல் பாகாயத்தில் உள்நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986இல் அவர் மறைந்தார். அந்நிலையம் இன்றும் நிற்கிறது. அவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

தனிமனிதர் அல்ல, துறை

மேரி வர்கீஸின் தன்னம்பிக்கையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தன்னம்பிக்கை ஒருவரோடு பிறந்து ஒருவரோடு முடிவது. அவரால் ஓராயிரம் கைகளுக்கு அறுவை செய்திருக்க முடியும். அதன்பின் அவருடைய கை ஓய்ந்திருக்கும். அவர் அவ்வாறு நிற்கவில்லை. ஒரு பாடத்தை, ஒரு பயிற்சி முறையை, ஆசிரியர்களையும் மாணவர்களையும் கொண்ட ஒரு துறையை நிலைநாட்டினார். அவர் மறைந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆன பின்னும் முதுகெலும்பு முறிந்த ஒருவர் அங்கே சென்று, உட்காரவும் உருளவும் உழைக்கவும் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார் என்றால், அதற்குக் காரணம் அந்தத் துறைதான்.

இதே உண்மையை உலக வரலாறும் சொல்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் முதுகுத் தண்டு அறுபட்டவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களிலேயே இறந்தனர். தண்டு முறிந்ததால் அவர்கள் இறக்கவில்லை; படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்தனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் தனிப்பிரிவு ஒன்றைத் தொடங்கினார். நோயாளிகளை இரவும் பகலும் முறை வைத்துப் புரட்டிப் படுக்க வைத்தார், பயிற்சி கொடுத்தார், விளையாட வைத்தார். 1948இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் அவர் நடத்திய சிறு போட்டியே வளர்ந்து பாராலிம்பிக் ஆயிற்று. புதுமருந்து மட்டும் இம்மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. ஒழுங்கான முறையும் பயிற்சி பெற்ற ஆள்களும் சேர்ந்து கொண்டுவந்த மாற்றம் இது.

நம் நாட்டிலும் 1950களின் தொடக்கத்தில் பம்பாயில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு இயன்முறை மருத்துவப் பள்ளி தோன்றியது. இளம்பிள்ளை வாதம் குழந்தைகளின் கால்களைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. 2014இல் இந்தியா அந்நோய் அற்ற நாடென்று சான்று பெற்றது. ஒரு நோய் போயிற்று. ஆனால் பக்கவாதமும் சாலை விபத்தும் அந்த இடத்தை நிரப்பிவிட்டன. பணி குறையவில்லை.

நம் மண்ணில் நிலைமை

இனி நம் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வருவோம். சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலை பெரம்பலூர் வழியே ஓடுகிறது. அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓய்வின்றிச் செல்கின்றன. கல்லுடைக்கும் குவாரிகள், பனைமரங்கள், முந்திரித் தோப்புகள், திறந்த கிணறுகள் என்று எங்கு பார்த்தாலும் விழுவதற்கு இடம் இருக்கிறது. விழுகிறவர்களும் பெரும்பாலும் உடலுழைப்பால் குடும்பம் காப்பவர்கள்.

1956ஆம் ஆண்டு நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றில் ரயில் கவிழ்ந்ததை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதும், அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதும் நம் நினைவில் உள்ளன. ஆனால் கால் போனவர்களும் முதுகு முறிந்தவர்களும் அதன்பின் எப்படி வாழ்ந்தார்கள் என்று நாம் பேசுவதில்லை. இறந்தவர்களை எண்ணுகிறோம், மீண்டவர்களை மறந்துவிடுகிறோம்.

எங்கள் தெருவிலே ஒரு பெரியப்பா இருந்தார். பனையேறும்போது விழுந்து முதுகெலும்பு முறிந்தது. அறுவை நன்றாகவே நடந்தது. தையல் பிரித்ததும் “வீட்டுக்கு அழைத்துப் போகலாம்” என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டிலே என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெரியம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கயிற்றுக் கட்டிலில் மல்லாந்தபடியே கிடந்தார். “அசைத்தால் எலும்பு விலகிவிடும்” என்று வந்தவர்களெல்லாம் பயமுறுத்தினார்கள். சில மாதத்தில் இடுப்புக்குப் பின்னால் புண் வந்தது, எலும்பு தெரிந்தது, காய்ச்சல் வந்தது. மரத்திலிருந்து விழுந்தபோது பிழைத்தவர், கட்டிலில் கிடந்து இறந்தார்.

அப்போது நான் பள்ளி மாணவன். இன்று இயற்பியல் படிக்கிறேன். முதலாண்டுப் பாடத்தில் ஒரு சூத்திரம் வருகிறது: அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. பரப்பு குறையக் குறைய அழுத்தம் கூடும். படுத்திருப்பவரின் எடை முழுவதும் முதுகின் கீழெலும்பு, குதிகால், இடுப்பெலும்பு ஆகிய சில சிறு மேடுகளின் மேல் குவிகிறது. அந்த அழுத்தம் நுண்ணிய இரத்தக் குழாய்களை நசுக்குகிறது. உணர்வுள்ள நாம் உறக்கத்திலேயே புரண்டு படுத்துவிடுகிறோம். உணர்வற்றவர் புரளமாட்டார்; சதை பட்டினி கிடந்து சாகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும் என்ற ஒரே ஒரு பாடம் தெரிந்திருந்தால் பெரியப்பா இன்னும் சில காலம் இருந்திருப்பார். அந்தப் பாடத்துக்கு விலையில்லை. சொல்லிக் கொடுக்க ஆள்தான் இல்லை.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பேணுபவர். நாம் மூன்றைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம். நான்காமவரை எண்ணுவதே இல்லை. வேலூர் மறுவாழ்வு நிலையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள் என்பதை அறியும்போது, அந்த நான்காம் கூறு அங்கே உயிர்பெற்றிருப்பதாகத் தோன்றுகிறது.

“கை கால் பிடித்துவிடுகிற படிப்பா?”

பிளஸ் டூ முடித்ததும் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு உங்களுக்குத் தெரிந்ததே. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான்தான். எந்தப் படிப்பு எதற்கு என்று சொல்ல வீட்டில் யாருமில்லை. ஆனால் தரவரிசை மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மருத்துவம் என்றால் எம்.பி.பி.எஸ். ஒன்றே. என்னோடு படித்த தோழி ஒருத்தி இயன்முறை மருத்துவம் படிக்க விரும்பியபோது, “கை கால் பிடித்துவிடுகிற படிப்பா?” என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டார்கள். எலும்பு, தசை, நரம்பு, நெம்புகோலின் தத்துவம் ஆகிய அனைத்தையும் கற்றுத் தேர வேண்டிய அறிவியல் அது என்பதை எடுத்துச் சொல்ல அன்று அங்கே ஒருவரும் இல்லை.

நமக்கும் இந்த ஏளனம் புதிதன்று. “வேறு எதுவும் கிடைக்கவில்லையா, அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்துவிட்டாய்?” என்று நம்மையும் கேட்கிறார்கள். மேரி வர்கீஸ் விரும்பிய முதற்பாதை அடைபட்டது. வேறு பாதையில் வந்து சேர்ந்த துறைக்கு அன்று இந்தியாவில் பெயரும் இல்லை, பெருமையும் இல்லை. பெருமையுள்ள துறையைத் தேடி அவர் போகவில்லை. போன துறைக்குப் பெருமை சேர்த்தார். ஒரு படிப்பின் மதிப்பு சேர்க்கை வரிசையில் அதன் இடத்தைப் பொறுத்ததன்று. அதனைப் படித்தவர்கள் அதை என்ன ஆக்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இயற்பியலுக்கும் இது பொருந்தும். வேதியியலுக்கும் தமிழுக்கும் பொருந்தும்.

மறுப்பும் விடையும்

“வேலூருக்குப் பெரிய நிறுவனத்தின் பின்பலம் இருந்தது, வெளிநாட்டுப் பயிற்சி கிடைத்தது. நம் மாவட்டங்களில் மருத்துவர்களே போதாதபோது இதற்கெல்லாம் பணம் ஏது?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பின்பலம் இருந்தது என்பது உண்மை. அதனால்தான் சொல்கிறேன்: தனிமனிதரின் மன உறுதியை மட்டும் நம்பி இருக்காமல் அரசு அந்தப் பின்பலத்தைத் தர வேண்டும். ஒருவர் எழுந்து நிற்பதற்கு ஒரு மேரி வர்கீஸ் பிறக்கும்வரை காத்திருக்க முடியுமா?

பணத்தைப் பொறுத்தவரை, இத்துறையின் கருவிகள் பல எளியவை. நடைபழகும் இணைகம்பிகள், பாய், தலையணை, சுவரில் ஒரு கப்பி, மணல் மூட்டை ஆகியவற்றுக்கு அயல்நாடு போக வேண்டியதில்லை. விலை உயர்ந்தது பயிற்சி பெற்ற மனிதரின் நேரம்தான். அதைச் செலவென்று எண்ணக் கூடாது. படுத்துவிட்ட ஒருவரோடு அவரைப் பார்த்துக்கொள்பவரின் கூலியும் போகிறது. பிள்ளையின் படிப்பும் நிற்கிறது. அவர் எழுந்து உட்கார்ந்தால் மூன்று பேரின் பிழைப்பு மீள்கிறது.

நம்பிக்கை தரும் அடையாளங்கள் இல்லாமலில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு தேடிச் சென்று இயன்முறைச் சிகிச்சை தருவதும் ஒரு பகுதி. அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், இயன்முறை மருத்துவம் உள்ளிட்ட துணைநிலை மருத்துவத் தொழில்களுக்குத் தேசிய ஆணையம் ஒன்றை வகுத்தது. 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். இத்தனை பேருக்கு வேலூர் ஒன்று போதாது. புதிய மருத்துவக் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் மறுவாழ்வுத் துறை வெறும் பெயர்ப்பலகையாக நின்றுவிடாமல், படுக்கைகளும் பயிற்சிக்கூடமும் ஆசிரியர்களும் கொண்ட முழுத்துறையாக வளர வேண்டும். முதுகெலும்பு முறிந்தவரும் பக்கவாதம் வந்தவரும் வீடு திரும்பும் முன்னர், குடும்பத்தில் ஒருவருக்காவது பயிற்சி கொடுத்த பின்னரே அனுப்ப வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

அரசு செய்வது இருக்கட்டும்; மாணவர்களாகிய நாம் என்ன செய்யலாம்? நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் கோயில் வளாகத்தைக் கூட்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம். நல்ல பணிகளே. இம்முறை தங்கும் ஊரில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் எழ முடியாமல் கிடக்கிறார்கள் என்று கணக்கெடுப்போம். அந்தப் பட்டியலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ப்போம். இரண்டு மணிக்கொருமுறை புரட்டும் பாடத்தை வீடு வீடாகச் சொல்வோம்.

இன்னொன்றும் உண்டு. நம் கட்டடங்களைப் பாருங்கள். வாசலில் மூன்று படி என்றால் உயரம் சுமார் 45 சென்டிமீட்டர். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவு விகிதத்தில் சாய்தளம் அமைக்க 5.4 மீட்டர் நீளம் போதும். கணக்கு இவ்வளவே. கொஞ்சம் செங்கல்லும் சிமெண்டும் வேண்டும்; சிமெண்டுக்குப் பெயர் பெற்ற நம் மண்ணில் அதற்குப் பஞ்சமா? அந்தச் சாய்தளம் வந்தால், “அந்தக் கல்லூரியில் படியேற முடியாதே” என்று வீட்டிலேயே இருந்துவிட்ட ஒரு தங்கையோ தம்பியோ அடுத்த ஆண்டு நம் வகுப்பில் உட்காரலாம்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளி மாணவர்கள் நம் கல்லூரிக்கு வரும் நாள்களில், மருத்துவமும் பொறியியலும் மட்டுமே படிப்பு என்று எண்ணி வரும் முதல் தலைமுறைப் பிள்ளைகளிடம் இயன்முறை மருத்துவம், தொழில்வழிச் சிகிச்சை, செயற்கை உறுப்பு அமைக்கும் பொறியியல் ஆகியவற்றைப் பற்றியும் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல ஆளில்லாதவர்களுக்கு ஆசிரியரே வீடு.

மேரி வர்கீஸுக்குச் சிலை வேண்டாம். ஆண்டுக்கொரு மேடைப் பேச்சும் வேண்டாம். விழுந்த ஒருவர் எழுந்து உட்கார, நம் மாவட்டத்திலேயே ஓர் இடமும், கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியரும், அவரிடம் கற்க நம்மில் சிலரும் வேண்டும். உயிர் பிழைத்தவருக்கு ஒரு பிழைப்பும் கிடைக்கும்போதுதான் மருத்துவம் முழுமை பெறும். அந்நாள் விரைவில் வரட்டும். அதைக் கொண்டுவரும் கைகளில் நம் கைகளும் இருக்கட்டும்!